பாப்பாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் சாயந்திரமானால் தெருமுனை பஜ்ஜியை விடுவதில்லை. போனில் தட்டி அனுப்பினால் நீ இரண்டு நீல டிக்கோடு முடித்துக்கொள்கிறாய், மிஞ்சிப் போனால் "அப்புறம் பேசுறேன்மா" என்று ஒரு வரி வருகிறது, அந்த அப்புறம் மட்டும் வருவதில்லை. அதனால்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன். வேலை இருந்தால் பாதியில் வைத்துவிட்டு மீதியை ராத்திரி படி. ஆனால் படி. சாப்பிட்டுவிட்டுப் படி.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். போகிக்கு முன்னால் அடித்திருக்க வேண்டியது, மழை, அப்புறம் உங்கப்பா கால்வலி, இப்போதுதான் ஆள் கிடைத்தான். ஹாலில் இருந்த படங்களையெல்லாம் இறக்கிக் கட்டிலின்மேல் பழைய புடவை விரித்து அடுக்கியிருக்கிறேன். சாமியெல்லாம் மெத்தையில், நானும் உங்கப்பாவும் பாயில். படம் இருந்த இடமெல்லாம் சுவரில் வெளிர்ச் சதுரமாக நிற்கிறது. சின்ன வயதில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நீ ஹால் நடுவில் நின்றுகொண்டு அந்தக் காலிச் சதுரங்களைக் காட்டி "இது முருகர், இது வடிவுடையம்மன், இது வேளாங்கண்ணி மாதா, இது அம்பேத்கர் தாத்தா, இது ஆயா கல்யாணம்" என்று ஒப்பிப்பாய், ஒன்றுகூடத் தப்பாது. உங்கப்பா டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார், அது கொதிக்கிற கொதியில் நீ கிட்டே போய்விடாதபடி நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். ஒரு வருஷம் நீலம் அதிகமாகிச் சுவரெல்லாம் ஒரு மாதிரி ஆகிப்போய், ஆயா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதெல்லாம் படத்தை இப்போது மாதிரி சுவரோடு சுவராக ஒட்டி மாட்ட மாட்டார்கள். உத்தரத்துக்குக் கீழே, உயரத்தில், முன்பக்கம் சாய்த்துத்தான் மாட்டுவார்கள். உன் தாத்தா, எங்கப்பா, தேவராஜ முதலி தெருவில் ஃபிரேம் கடையில் இருந்த மனுஷன், அவருக்கு இதெல்லாம் பாடம். கீழே பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் அண்ணாந்து பார்த்தால் சாமி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் சாய்வு என்பார். இன்னொரு காரணமும் சொல்வார், நம்ம பக்கம் கடல் காற்று, சுவரில் ஓதம் ஏறும், ஒட்டி மாட்டினால் படம் பூத்துப்போகும், பின்னால் காற்று போக வேண்டும். அந்த இடைவெளியில் காற்று போனதோ இல்லையோ சிட்டுக்குருவி கூடு கட்டியது. முருகர் படத்துக்குப் பின்னாலிருந்து வைக்கோல் விழும், ஆயா பெருக்குவாளே தவிரக் கலைக்க விட மாட்டாள். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை நம் வீட்டில் மின்விசிறியை வேகமாக வைக்கக்கூட முடியாது.

தாத்தா மைதாவில் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் போடுவார், பூச்சி அண்டாது. இரும்பு ஆணி இந்தக் காற்றில் நிற்காது என்று பித்தளைக் கொக்கி வைப்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம ஜனங்கள் வீட்டில் அவர் கை பட்ட படம் இன்னும் தொங்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். நீ காலேஜில் சேரும்போது அப்ளிகேஷனில் தாத்தா தொழில் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்.

அவருடைய அம்மா வைத்திருந்த லட்சுமி படம் இப்போது என் எதிரில்தான் இருக்கிறது. ரவி வர்மா அச்சு. கிழவி அதன் புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறாள், மூக்குத்திக்கு ஒரு கல். படத்தைவிட ஒட்டினதுதான் அதிகம் என்று உங்கப்பா கேலி செய்வார். அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி அப்புறம் மளவ்லிக்குப் போனது, நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடிப்பார்களாம். பின்னால் ஒரு ஜெர்மன்காரர் கைக்குப் போய், 1972இல் தீப்பிடித்துப் போச்சு. மளவ்லி என்றால் உனக்குத் தெரியும், புனேயிலிருந்து லோனாவாலா லோக்கலில் போனால் லோனாவாலாவுக்கு முந்தின ஸ்டேஷன். கல்யாணமான புதிதில் நீங்கள் இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு அங்கே எங்கேயோ நின்று போட்டோ அனுப்பினீர்களே, அந்த வழிதான். அதையும் பிரிண்ட் போட்டு உன் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் சிவகாசி. ஆடிப்பெருக்கு வந்தால் அங்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும், மார்கழியில் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் காலண்டருக்காக ஆயா ஒன்றுக்கு மூன்று கடையில் கணக்கு வைத்திருந்தாள். தேதி முடிந்த பிறகும் படத்தைத் தூக்கிப் போட மனசு வராது, அட்டையை வெட்டித் தாத்தாவிடம் நீட்டுவாள். படத்தின் கீழே ஓரத்தில் சி. கொண்டையராஜு என்று கையெழுத்து இருந்தால் தாத்தா காசு வாங்காமல் ஃபிரேம் போட்டுக் கொடுப்பார், கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமிக்கு முகம் கொடுத்தவர் என்று அவ்வளவு மரியாதை. எனக்கு அந்த மீனாட்சியும் முருகனும் எல்லாம் சொந்தக்காரர்கள் முகமாகவே தெரியும், கோயிலில் போய்ப் பார்த்தால்தான் புதிதாக இருக்கும்.

கடையில் வாங்கின ஃபிரேம் என்றால் பின் அட்டை மெல்லிசாக இருக்கும் பாப்பா. அந்த மாதிரிப் படத்தைக் கழற்றினால் தரையில் சாய்த்து வைக்காதே, ஓதம் ஏறும், கால் பட்டுக் கண்ணாடி விரியும். கண்ணாடிப் பக்கம் துணி சுற்றி பீரோமேல் படுக்க வை. எதற்கும் சொல்லி வைக்கிறேன்.

ஷோகேஸைத் துடைக்கும்போது தலையாட்டி பொம்மையின் தலை தனியாக வந்துவிட்டது, ஒட்டிவிட்டேன், இனிமேல் ஆடாது. அது மூர் மார்க்கெட்டில் வாங்கினது, 1985இல் அது எரிந்ததற்கு முன்னால், எனக்கு அப்போது தாவணி வயசு. இந்த உயரத்துக்கு அடுக்கின பழைய புஸ்தகம், கிராமபோன் தட்டு, கூண்டில் கிளி, எல்லாம் ஒரே கூரைக்குள். ஷோகேஸில் பொம்மை இருக்கிற அதே தட்டில்தான் கன்னியாகுமரி சிப்பிக் குருவி, நீ நாலாவதில் வாங்கின பேச்சுப் போட்டிக் கப், எர்ணாவூர் அத்தை நூலில் பின்னின அன்னப்பறவை 'வெல்கம்', அதில் ஒரு எழுத்து குறைந்திருக்கும், இருபது வருஷம் யாரும் கவனிக்கவில்லை, நீதான் கண்டுபிடித்து அத்தையை அழ வைத்தாய். அத்தைக்கு உன்மேல் இப்போதும் பிரியம்தான், ஆனால் அந்தக் குண்டுக் குழந்தை போஸ்டரை உனக்கு அனுப்பச் சொன்னாள், கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள். நான் அனுப்பவில்லை. அவளே வாட்ஸப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே.

பாவம், அத்தை வீட்டுச் சுவரில் ஒன்றுமே மிஞ்சவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்ததே, தண்ணீர் இறங்கின பிறகும் சுவரில் கறுப்புக் கோடு, அதற்குக் கீழே இருந்த படமெல்லாம் பிசுபிசுவென்று போச்சு. எத்தனை கோட் அடித்தாலும் கோடு மேலே வருகிறதாம். மாமா படத்தை மட்டும் கெரசின் தொட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள், முகம் பாதி இருக்கிறது.

நீ பட்டம் வாங்கின போட்டோவுக்குப் பெயிண்டரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், அதே ஆணி, அதே இடம், வாசலில் நுழைந்தால் முதலில் அதுதான் தெரிய வேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற பையன்கூடப் புதிதாக யாராவது வந்தால் "பொண்ணுங்களா?" என்று கேட்பான். பக்கத்துத் தெரு ஜனங்களிடம் உன் படிப்பைச் சொல்லித்தான் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். இவ்வளவு படித்த பெண் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, சுற்றி வளைத்தது போதும். போன மாசம் நீ வீடியோவில் வந்தபோது சோபாவுக்கு மேலே சுவர் தெரிந்தது. நீ சட்டென்று போனைத் திருப்பிச் சமையலறைக்குப் போய்விட்டாய், அதற்குள் பார்த்துவிட்டேன். கொக்கி இருந்தது, சதுரமும் இருந்தது. ஃபிரேம் போடுகிறவர் மகளுக்கு அதுகூடத் தெரியாதா? கண்ணாடி விரிந்திருக்கலாம், வேறு அறைக்கு மாற்றியிருக்கலாம், நான் கேட்க மாட்டேன். அன்றிலிருந்து நீ கேமராவையே திறப்பதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் டூர், எப்போது கேட்டாலும் டூர். உங்கப்பா கவனிக்கவில்லை, அவர் கண்ணாடி போடாமல் போன் பார்க்கிறவர், நானும் சொல்லவில்லை.

உனக்கு இரண்டு வயசிருக்கும். உங்கப்பா வேலை செய்த இடத்தைப் பூட்டிவிட்டார்கள், பாக்கிப் பணமும் வரவில்லை. மனுஷன் முதலில் பேச்சை நிறுத்தினார், அப்புறம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார், எர்ணாவூரில் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டார். ஒருநாள் நான் ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் கல்யாண போட்டோவைக் கழற்றிப் புடவையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். கோபத்தில் இல்லை, நிதானமாகத்தான் செய்தேன், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, இறங்கி வந்து வடித்தேன். ஆயா பார்த்தாள். அவள் பெற்ற பிள்ளை படம். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்த ஆணியில் தேதி கிழிக்கும் காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினாள். வந்தவர்கள் கேட்டால் "எறும்பு ஏறிடுச்சி, ஃபிரேம் மாத்தக் கொடுத்திருக்கு" என்று அவளே பதில் சொன்னாள், நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

அந்தப் படம் திரும்ப ஏறினது உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் போகிற வயசிலிருந்து அதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய். எப்படி ஏறியது என்று நான் எழுதப் போவதில்லை, அது எனக்கும் அவருக்கும். ஏறாமலே போயிருந்தாலும் நான் உன்னை வளர்த்திருப்பேன். ஏற்றாமலே விட்டவர்களும் நம்ம தெருவில் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், திருவொற்றியூர் தேருக்குப் பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கேட்க மாட்டேன் என்றேன், ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்தப் படத்தைக் கழற்றியது நீயா, அவரா? நீ என்றால் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. படத்தைத் தரையில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உங்கப்பா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவார், பழைய ஆட்களோடு டீ குடித்துப் பேசிவிட்டு எட்டு மணிக்கு முன்னால் வர மாட்டார். அந்த நேரத்தில் போன் பண்ணு, வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அம்மா