டேப்லெட் வாங்கப் போகும் செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் குரல்செய்தி கேட்டேன். இங்கே எல்லாரும் நலம். எனக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறி, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். பென்ஷன் அரியர் கைக்கு வந்ததும் டேப்லெட் ஆசை வந்துவிட்டதாக்கும் உனக்கு!

உனக்கென்றால் வேண்டாம்டா. பத்து அங்குலத் திரை பார்க்கிறவர்களுக்கு வசதி. கண் தெரியாத நமக்கு அது தடவித் தேட வேண்டிய மைதானம். விரலை வலப்பக்கம் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாய்க் கேட்கிறவனுக்குத் திரை ஆறு அங்குலமானால் என்ன, பத்தானால் என்ன? உன் போனில் திரையை வாசித்துச் சொல்கிற அதே ஆண்ட்ராய்டு டாக்பேக்தான் அதிலும் பேசப்போகிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே சபலம்: ஐபேடை மேசைமேல் கிடத்தி, ஆறு விரலை விரித்துத் திரையிலேயே பிரெயில் அடிக்கலாம். ஹாஸ்டலில் ஸ்லேட்டும் ஊசியுமாகப் பிரெயில் புள்ளி குத்திய கைக்கு அது தனிச் சுகம்.

கமலாவுக்கென்றால் யோசிக்காமல் வாங்கு. அவளுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறதே. அவளுக்குத் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் போனில் வரிக்கு இரண்டு சொல் நின்றாலே அதிகம். டேப்லெட்டில் ஒரு வரியாவது முழுசாக நிற்கும். கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றிக் கொடு, கண் கூசாது. களைத்துப்போனால் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஐபேடா ஆண்ட்ராய்டா என்று கேட்டிருந்தாய். ஆப்பிளின் ஐபேட் 2010இல் வரும்போதே, டாக்பேக் மாதிரி திரையை வாசிக்கிற வாய்ஸ்ஓவரோடுதான் வந்தது. டாக்பேக்குக்கு மூன்று விரல், நான்கு விரல் சைகையெல்லாம் 2021இல்தான் வந்தன. ஆனால் தமிழ்க் குரலில் ஆப்பிள் பின்தங்கியது, 2022இல்தான் கொடுத்தார்கள். இன்றைக்கு இரண்டும் தேவலாம். பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ யார் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மாட்டிக்கொண்டால் ஓடிவந்து எடுத்துவிட ஆள் வேண்டும்.

கடையில் வாய்ஸ்ஓவரையோ டாக்பேக்கையோ ஆன் பண்ணச் சொல்லி, கமலாவையே ஒரு தமிழ்ச் செய்தி கேட்கச் சொல். நான் போன கடையில் பையன் ஆன் பண்ணிவிட்டு, "சார், தொட்டா எதுவும் திறக்கலை, செட் போச்சு" என்று பதறினான். ஒரு தட்டுக்குப் பெயர் சொல்லும், இரண்டு தட்டினால்தான் திறக்கும் என்று நான் தட்டிக் காட்டிய பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

இன்னொன்று. உன் சங்கத்துச் சுற்றறிக்கை இன்னும் பாமினி எழுத்துருவில்தானே வருகிறது? அதில் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்றிருந்தால், டேப்லெட் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான். உள்ளேயும் தமிழாகவே இருக்கிற யூனிகோடில் அனுப்பச் செயலாளரிடம் சண்டை போடு. நீ போட்டால் எடுபடும்.

விலை விசாரித்துவிட்டுக் கூப்பிடு. சாயங்காலம் வேண்டாம், பேரன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான்.

அன்புடன்,
முத்து