உங்கள் மருத்துவக் குறிப்பு கணினிக்கு மாறுகிறது: வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

எங்கள் கிளினிக்குக்கு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

இதுவரை நோட்டில் எழுதிவந்த உங்கள் மருத்துவக் குறிப்புகள், வரும் தை மாதம் முதல் கணினியில் பதியப்படும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, நோய் விவரம், மருந்துகள், ஒவ்வாமை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவை தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று உங்கள் கையில் தரப்படும். அதை வீட்டுக்குப் போகுமுன் வாசித்து, பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒன்றைக் கேட்கத்தான் இம்மடல்.

மாற்றத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சர்க்கரை நோயாளி ஒருவரின் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) அளவு முதல் ஆண்டு 0.9, அடுத்த ஆண்டு 1.1, அதற்கடுத்த ஆண்டு 1.3 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனித் தாளில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். மூன்றையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்தால்தான் சிறுநீரகம் மெல்லத் தளர்கிறதோ என்ற கேள்வி எழும். அப்படிப்பட்டவர் மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் போன்ற மாத்திரையை அடிக்கடி விழுங்குவது சிறுநீரகத்துக்கு மேலும் கெடுதல் என்பதையும் உடனே எச்சரிக்க முடியும். நோட்டில் இது முடியாததல்ல. ஆனால் நோட்டு வீட்டில் இருக்கும், நீங்கள் இங்கே இருப்பீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோட்டில் தவறாக எழுதியது அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். கணினியில் ஏறிய தவறோ அடுத்தடுத்த வருகைகளுக்கும் தானாகத் தொடரும். சோதனை முறையில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஐந்து நாளைக்கு மட்டும் கொடுத்த வலி மாத்திரை ஒரு பெரியவரின் தாளில் தினசரி மருந்தாகப் பதிவாகி, அடுத்த இரண்டு வருகைகளிலும் அப்படியே அச்சாகி வந்தது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அவருடைய மகள்தான் தாளை வாசித்துவிட்டுக் கேட்டார். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய சங்கடம் பெயரில் இருக்கிறது. 'எஸ். முருகன்' என்று தேடினால் திரையில் ஒரு வரிசையே நிற்கிறது. செல்வி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வயதில் மூத்த பலருக்குப் பிறந்த நாள் என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான். கைப்பேசி எண்ணோ, மாமியார், மருமகள், பேரன் எல்லோருக்கும் வீட்டில் ஒன்றே. ஆகவே டோக்கன் கொடுக்கும் இடத்தில் தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தெரு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கேட்போம். பத்து வருடமாக வருகிறவரிடமும் கேட்போம், வருத்தப்பட வேண்டாம். ஒருவருடைய பென்சிலின் ஒவ்வாமை இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துவிட்டால், இருவருக்குமே ஆபத்து.

எண் ஒன்றாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசோதனை முடிவை அனுப்பினால் அது மகனுடைய கைப்பேசிக்குத்தான் போகும். எல்லா முடிவுகளையும் எல்லோரும் பார்க்க நீங்கள் விரும்பாமலிருக்கலாம். எனவே யாருக்கு அனுப்பலாம் என்று உங்களிடமே கேட்டுப் பதிந்துகொள்வோம். நீங்கள் சம்மதிக்காதவரை, கேட்பவர் கணவரானாலும் பிள்ளையானாலும் முடிவைச் சொல்ல மாட்டோம்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எண் (ஒருவரின் மருத்துவக் குறிப்புகளை இணைக்க உதவும் சுகாதாரக் கணக்கு எண்) கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பம். எண் இல்லையென்று இங்கே யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். சேர்ந்தாலும் உங்கள் குறிப்புகள் டெல்லியில் ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை. அவை பதியப்பட்ட மருத்துவமனையிலேயே இருக்கும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற வேறோர் இடத்தில் அவற்றை இந்த வழியாகப் பார்க்க வேண்டுமானால், உங்கள் ஒப்புதல் தேவை. கொடுத்த ஒப்புதலை நீங்கள் பின்னர் திரும்பப் பெறவும் செய்யலாம். கைப்பேசிக்கு வரும் ஓடிபியை, எங்கள் பெயரைச் சொல்லி யாராவது தொலைபேசியில் கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை.

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள், நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன. அதே நெறிமுறைகள் ஆவணங்களைக் கணினிமயமாக்க முயலுமாறும் அப்போதே சொல்லியிருந்தன. நாங்கள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

"டாக்டர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்க்கிறார்" என்ற குறையும் எங்கள் காதில் விழுந்தது. அது நியாயமான குறை. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் செவிலியர் வெளியிலேயே பதிந்துவிடுவார். நீங்கள் சொல்லி முடித்த பிறகே மருத்துவர் தட்டச்சு செய்வார். இதனால் முதல் சில வாரங்களுக்குக் காத்திருப்பு சற்று நீளும். மின்சாரம் போனால் எழுதுவதற்குக் காகிதப் படிவங்கள் எப்போதும் மேசையில் இருக்கும்.

பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். ஒவ்வாமை, அறுவை சிகிச்சை, நீண்டகால மருந்துகள் ஆகியவற்றை உங்கள் முன்னிலையிலேயே பார்த்துப் பதிந்துகொண்டு, நோட்டைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கிளினிக் நிர்வாகம்