மினி பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

காலை எட்டே கால் வண்டியில் முன்படிக்குப் பக்கத்து சீட்டில், மடியில் பெரிய பையோடு வருகிற டீச்சர்தான் எழுதுகிறேன். அந்தப் பையில் என்ன என்று ஒருநாள் கேட்டீர்கள். பிளாஸ்டிக் பழங்கள், மரக்கட்டைகள், ஜெராக்ஸ் எடுத்து வெட்டிய ரூபாய் நோட்டுகள். அந்த நோட்டுகளில்தான் கதையே இருக்கிறது.

நீங்கள் 'மாப்ள' என்று கூப்பிடுகிற பையனுக்கு அதை வைத்துத்தான் ஒரு வருஷம் காசு சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு 15 வயது. அறிவுசார் குறைபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு 18 வயதுவரை இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக என் கையில் இருப்பது மூன்று வருஷம். அதனால்தான் எழுத்தட்டைகளை ஓரம் வைத்துவிட்டுக் காசையும் பஸ்ஸையும் எடுத்தேன்.

வகுப்பில் 'பத்து எடு' என்றால் டக்கென்று எடுத்துவிடுவான். பெட்டிக்கடையில் நிஜ நோட்டைக் கையில் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பான். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை, நிஜ நோட்டு பழுப்பு. சொல்லிக்கொடுத்தது நான், முழித்தது அவன்.

அப்புறம் பத்து ரூபாய் நாணயத்துக்கு மாறினேன். நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. கடைக்காரர் 'இது செல்லாது டீச்சர்' என்று தள்ளிவிட்டார். 14 வடிவங்களில் வந்த எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியாயிற்று. நம்ம பக்கத்துக் கல்லாப்பெட்டிகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. ஒரு வருஷம் படித்ததை எடுத்து நீட்டுகிறான், செல்லாது என்கிறார்கள். மூன்று நாள் காசையே தொடமாட்டேன் என்றுவிட்டான்.

நீங்கள் அந்த நாணயத்தை வாங்கித் தோல்பையில் போட்டீர்கள். அவ்வளவுதான். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

அவன் அம்மாவுக்கு இதில் வருத்தம் உண்டு. மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினால் கவர்மெண்ட் டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூடப் போகிறவருக்கும் காசில்லை, 2021-லிருந்து. 'ஓசியில போற வண்டி இருக்கையில எதுக்கு டீச்சர் தண்டச் செலவு?' என்றார். நியாயமான கேள்வி. ஓசி வண்டியில் காசு பழக முடியாதே என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வண்டி நம்ம ஊருக்கு எப்போது வரும் என்பது வேறு கதை.

முதல் நாளை மறக்கமாட்டேன். 'மாப்ள, எங்க?' என்றீர்கள். எங்கே போகிறோம் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நின்றீர்கள். அவன் வாய் திறக்கவில்லை. பின்னால் ஒரு பெரியவர், 'டீச்சர், நீங்களே வாங்கிருங்களேன், நேரமாகுதுல்ல' என்றார். என் நாக்கு நுனிவரை 'செக்கானூரணி' வந்துவிட்டது. உங்கள் கை மட்டும் என் பக்கம் லேசாக உயர்ந்து, பொறுங்கள் என்றது. 'செக்கா...' என்றான். நீங்கள் டிக்கெட்டைக் கிழித்தீர்கள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிள்ளை பதில் தேடும்போது குறுக்கே போகாதே என்பது எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லித்தருகிற பாடம். பரீட்சையில் அதற்குப் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வகுப்பில் மூன்று எண்ணுவதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி நானே பதிலைச் சொல்லிவிடுவேன். அவனும் விவரமானவன், நான் சொல்வேன் என்று தெரிந்து என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், ஒரு வருஷமாக.

எட்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஒருநாள் வேண்டுமென்றே ஒரு ரூபாய்தான் மிச்சம் கொடுத்தீர்களே, அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் கோபம். பாவம், இவனிடமா விளையாட்டு என்று. அவன் கையை மடக்கவில்லை. உள்ளங்கையில் அந்த ஒற்றைக் காசு. வண்டி வேகத்தடையில் குலுங்கியது, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், நீட்டிய கை நீட்டியபடியே. நீங்கள் இரண்டு சீட் தாண்டிப் போய்த் திரும்பி வந்தீர்கள். 'இன்னொண்ணு' என்றான். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாத பையன் அண்ணே அவன். தட்டில் சோறு குறைந்தால்கூட எழுந்து போய்விடுவான். 'மாப்ள விவரந்தான்' என்று இன்னொரு ரூபாயை வைத்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் முதல் எனக்கு வேறு வட்டாரம். செவ்வாயும் வியாழனும் அவன் தனியாக வருவான். செக்கானூரணியில் அவன் மாமா நின்று இறக்கிக்கொள்வார். வியாழக்கிழமை உங்களுக்குப் பதிலாக வருகிற தம்பியிடம் நாலு விஷயம் சொல்லிவையுங்கள். 'கூட யாரும் வரலையா' என்று கேட்க வேண்டாம். எங்கே என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கட்டும். மிச்சத்தை இரண்டு ரூபாய் நாணயமாகக் கொடுக்காமல் இரண்டு ஒரு ரூபாயாகக் கொடுக்கட்டும், எண்ணிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவான். அவசரப்படுகிற பெரியவருக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிடட்டும்.

டிக்கெட் விலை ஏறுவதாக இருந்தால் மட்டும் எனக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள் அண்ணே. ஒன்பதுக்கு அவனைப் பழக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்படி சீட்டு டீச்சர்