கரண்டி யார் கையில்

நகோயா,
டிசம்பர் 8

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். சின்னவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்பதில் எனக்கு உன்னைவிட சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். குளிர் இறங்கிவிட்டது. இவருக்கு முட்டுவலி கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறையில்லை.

சரி, மலேசியாவில் கிள்ளான் ஊரில் உன் மெஸ்ஸுக்குக் கிளை திறக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அதை நடத்தப்போகும் தம்பி, உன் சித்தப்பா மகன், கேட்கிற மாற்றங்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, "பாளையங்கோட்டையில் என்ன போடுகிறோமோ அதுதான் அங்கேயும். ஒரு வரி மாறினாலும் அது நம் மெஸ் இல்லை" என்று முடித்திருக்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை, கோமதி. நான் இங்கே உணவுப் பொருள் கொள்முதலில் இருப்பதால் இந்தச் சங்கிலிக் கடைகள் ஊர் ஊராகப் போய் எப்படிப் பிழைத்தன, எங்கே கவிழ்ந்தன என்று கவனித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அதில் அமெரிக்கப் பொரித்த கோழிக் கடையான கேஎஃப்சியின் கதையை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானில் அவர்களுடைய முதல் கடை இதே நகோயாவில்தான் 1970 நவம்பரில் திறந்தது. முதல் மேனேஜர் தாகேஷி ஒகாவாரா. ஆரம்பத்தில் வியாபாரமே இல்லை. இன்றைக்கு வந்து பார்த்தால் நம்ப மாட்டாய். டிசம்பர் பிறந்ததும் கடை வாசலில் நிற்கும், கேஎஃப்சியைத் தொடங்கிய கர்னல் சாண்டர்ஸின் சிலைக்குச் சிவப்புச் சட்டையும் குல்லாவும் மாட்டிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கென்று காகித வாளியில் தருகிற கோழிக்கு முன்பதிவு வாரக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிடும். 24ஆம் தேதி சாயங்காலம், எத்தனை மணிக்கு வந்து வாங்க வேண்டும் என்று அச்சடித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் முடித்த ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். மறுநாள் இங்கே விடுமுறைகூடக் கிடையாது. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனாலும் கிறிஸ்துமஸ் என்றால் கோழி, கோழி என்றால் கேஎஃப்சி என்று ஒரு வழக்கமே வேரூன்றிவிட்டது.

இதை அமெரிக்காவில் யாரும் யோசிக்கவில்லை. அங்கே கிறிஸ்துமஸுக்குக் கடைக் கோழி வாங்குகிற வழக்கம் இல்லை. இது தோன்றியது இந்த ஊர் ஆட்களுக்கு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி கிடைக்காத வெளிநாட்டவர் ஒருவர் கோழி வாங்கிப் போனதைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. ஒகாவாரா சொல்வது வேறு: மழலையர் பள்ளி ஒன்றின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு சாண்டா வேஷம் போட்டுக்கொண்டு கோழியோடு போனாராம், குழந்தைகளின் குதூகலத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாராம். எந்தக் கதை சரியோ, 1974இல் அதையே நாடு முழுக்க விளம்பரமாக்கினார்கள். அந்தக் கடை மேனேஜர் பிறகு கம்பெனியின் ஜப்பான் தலைவராகவே ஆனார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றவரின் யோசனைக்கு மேலே இருந்தவர்கள் வழிவிட்டார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் இது பிறவிக் குணம் என்றே தெரியும். சாண்டர்ஸ் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கோர்பின் என்ற சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கோழி பொரிக்கும் முறையைப் பிடித்தவர். அவருடைய கோழியை முதலில் உரிமை வாங்கி விற்றவர் பீட் ஹார்மன், 1952இல், தொலைதூரத்து சால்ட் லேக் சிட்டியில். 'கென்டக்கி ஃபிரைடு சிக்கன்' என்ற பெயர் அவர் கடைப் பலகைக்காக எழுதப்பட்டது. காகித வாளியில் கோழி விற்பது 1957இல் அவர் ஆரம்பித்தது. ஆக, இன்று உலகமே அடையாளம் காணும் பெயரும் வாளியும் கிளைக் கடையிலிருந்து தாய்க் கடைக்குப் போனவை. தாய்க் கடை கொடுத்தது மசாலாவும் பொரிக்கும் முறையும்.

இதை மறந்த இடத்தில் அடி விழுந்தது. 1973இல் ஹாங்காங் போனார்கள். அமெரிக்காவில் வாங்கிக்கொண்டு போகிற கடைதான் வழக்கம் என்பதால், உட்கார்ந்து சாப்பிட இடம் சரியாக வைக்கவில்லை. வெளியே சாப்பிடுவது என்றால் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுகிற ஊர் அது. இரண்டே வருஷத்தில், 1975இல், எல்லாக் கடையையும் மூடினார்கள். திரும்பி வந்தது 1985இல்தான், அதுவும் உள்ளூர்க்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்து.

அதே 1973இல்தான் கோலாலம்பூரிலும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் திறந்தார்கள். அங்கே நிலைத்துவிட்டது. ஹலால் சான்றிதழ், காரமான கோழி, கூடவே சோறு என்று அந்த ஊருக்கு ஏற்றபடி அமைந்தது. கிள்ளானில் உன் தம்பி தினமும் கடந்து போகிற தெருக்களிலேயே இதைப் பார்க்கலாம்.

ஆனால் உனக்குப் பாடமாக நான் நினைப்பது சீனா. 1987 நவம்பர் 12ஆம் தேதி பெய்ஜிங்கில், தியானன்மென் சதுக்கத்துக்குத் தெற்கே சியென்மென்னில் முதல் கடை. மூன்று மாடி. ஹாங்காங்கில் பட்ட அடி நினைவிருந்ததால் இந்த முறை உட்கார இடம் தாராளம். ஆரம்பத்தில் அமெரிக்கச் சாப்பாடு என்ற புதுமைக்காகவே கூட்டம் வந்தது. புதுமை எத்தனை நாளைக்கு? அதற்குள் மெக்டொனால்ட்ஸும் வந்துவிட்டது, உள்ளூரிலேயே கோழிக் கடைகள் போட்டிக்கு முளைத்துவிட்டன. சாம் சூ என்ற தைவான்காரர்தான் அந்தக் காலத்திலிருந்து 2015 வரை சீனத் தொழிலை வளர்த்தவர். தன்னைச் சுற்றி ஆசியக் கடைகளில் பழுத்த ஆட்களையே வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் இருந்த தலைமையகத்திலிருந்து வருகிற உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? காலையில் கஞ்சி போட்டார்கள். பதப்படுத்திக் கறுத்த முட்டையும் பன்றிக்கறியும் சேர்த்த அரிசிக் கஞ்சி. அமெரிக்கக் கோழிக் கடை மெனுவில் அதை எழுத லூயிவில்லில் யாருக்குக் கை வந்திருக்கும்? வறுத்த வாத்தைச் சுருட்டித் தின்கிற பெய்ஜிங் வழக்கத்தைப் பார்த்து, வெள்ளரி, வெங்காயத்தாள், இனிப்பு விழுது எல்லாம் வைத்துக் கோழிச் சுருள் செய்தார்கள். மக்காவில் போர்த்துகீசியப் பாணியில் செய்கிற முட்டைப் பணியாரத்தைக் கொண்டுவந்தார்கள். 2010இல் சோறும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது யூத்தியாவ் கதை. நீளமாக, உள்ளே பொந்தாகப் பொரிக்கிற மாவுக்குச்சி. சீனர்கள் காலையில் சோயாப்பாலில் முக்கிச் சாப்பிடுவார்கள். தெருக்கடைகளில் அது உப்பி வரப் படிகாரம் சேர்ப்பார்கள். அதில் இருக்கும் அலுமினியம் உடம்புக்கு ஆகாது என்று ஜனங்களுக்குக் கவலை. கேஎஃப்சி 2008இல் படிகாரம் போடாத யூத்தியாவைக் கொண்டுவந்தது. காலங்காலமாகத் தின்கிற பண்டம், அதில் இருந்த ஒரு பயத்தை மட்டும் நீக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பயத்தை அறிய அங்கே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், அல்லது அங்கே தினமும் காலைப் பலகாரம் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மசாலா போட்டுப் பிரஷரில் பொரித்த அந்தக் கோழியை மட்டும் விடவில்லை. 2016இல் சீனத் தொழில் தனிக் கம்பெனியாகவே பிரிந்தது. 2023 டிசம்பரில் பத்தாயிரமாவது கடையை ஹாங்சோவில் திறந்தார்கள்.

எல்லாம் ரோஜாப்பூ என்று சொல்ல வரவில்லை. 2012 கடைசியில், கோழிப்பண்ணைகளில் அளவு மீறி மருந்து கொடுக்கிறார்கள் என்று சீனத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. 2014இல் ஷாங்காயில் இறைச்சி கொடுத்த ஆலை ஒன்றால் மறுபடியும் பெயர் கெட்டது. கடையை வேகமாகப் பெருக்கும்போது சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற கண் தளர்ந்தால் இதுதான். என் வேலையே அது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மெனுவில் விட்டுக்கொடு, கொள்முதலில் விட்டுக்கொடுக்காதே.

இப்போது உன் கணக்குக்கு வா. உன் மெஸ்ஸில் மாறக்கூடாதது எது? சாம்பார்ப்பொடி வறுக்கும் பக்குவம், மாவு அரைத்துப் புளிக்க வைக்கிற முறை, பழைய எண்ணெயைத் திரும்ப ஊற்றாத பிடிவாதம். இந்த மூன்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கு. பொடியை நீயே அனுப்பு. மற்றதைத் தம்பியிடம் விடு.

"அங்கேயும் நம் ஆட்கள்தானே சாப்பிடப் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் நீ இன்னும் யோசிக்க வேண்டும். கிள்ளான் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருப்பவர்கள். காலையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்புக் கறியும், தே தாரிக் என்கிற பால் தேநீரும் பழகிய நாக்கு அவர்களுடையது. மத்தியானம் வாழையிலைச் சோறு என்றால் அதற்கென்று அவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. கூட மலாய்க்காரர்கள் வருவார்கள், சீனர்கள் வருவார்கள். சம்பல் என்கிற மிளகாய் விழுதைக் கேட்பவருக்கு அது இல்லை என்று சொல்லி அனுப்பினால், உன் சாம்பாரை ருசி பார்க்க அவர் எப்படித் திரும்ப வருவார்? ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உன் சாம்பாரை வைக்க வேண்டும் என்று தம்பி கேட்கிறான் இல்லையா, அது அருமையான யோசனை. உன் சரக்கு உள்ளே நுழைய அதுதான் வாசல்.

அப்புறம் ஒன்று. ஒப்பந்தத்தில் லாபப் பங்கு, முன்பணம் எல்லாம் எழுதியிருப்பதாகச் சொன்னாய். புதுப் பண்டம் சேர்ப்பதை யார் முடிவு செய்வது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்னால் எழுதிச் சேர்த்துவிடு. நகல் ஒன்று எனக்கு அனுப்பு. பொடியை மாசத்துக்கு எவ்வளவு, எந்தப் பொட்டலத்தில், எத்தனை நாள் தாங்கும்படி அனுப்புவது என்ற கணக்கை நான் போட்டுத் தருகிறேன். தம்பியின் வாட்ஸ்அப் எண்ணையும் கொடு, மலேசிய இறக்குமதி விதிகளைப் பற்றி அவனிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தா