பிள்ளைக்குக் குறுக்கு (கேப்பைக் கூழ்) கொடுக்கத் தொடங்கியாச்சு

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள முருகா,

இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவும் சுகம். முட்டுவலிக்குக் குழம்புத் தைலம் தேய்த்துக்கொண்டு வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அம்மா வருகிற விஷயமாக உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். நம்ம கூட்டாளி கோழிக்கு ஒருவழியாகப் பெண் பார்த்தாச்சு, திங்கள்நகர் பக்கம். நிச்சயத்துக்கு நீ இல்லை என்று அவனுக்கு ஒரே வருத்தம். ரசவடை சாப்பிடும் பந்தயத்தில் தன்னை ஜெயிக்க இனி ஆள் இல்லை என்று மொட்டை சொல்லிக்கொண்டு திரிகிறான். வந்து பார்த்துக்கொள்.

போனில் நீ ஒவ்வொரு தடவையும் "பிள்ளை எப்படிடே இருக்கு" என்று கேட்கிறாய். நானும் "பரவாயில்ல மக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். நாலு வார்த்தையில் சொல்ல முடிகிற விஷயம் இல்லை, அதுதான் காரணம். போன வாரம் குழந்தைகளுக்கான மாவு டின் நாலு வாங்கி வைத்திருக்கிறேன், யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்றாய். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் அனுப்பாதே. ஏன் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பிள்ளைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு வயிற்றுப்போக்கு வந்தது, நினைவிருக்கிறதா? வைரஸ்தான் என்றார்கள், ஒரு வாரத்தில் நின்றும் போனது. அதன் பிறகுதான் வாந்தி. குழந்தைகள் கக்குவது இயல்புதான், பால் குடித்த உடனே ஒரு வாய் வெளியே வரும். இது அப்படி இல்லை. காலையில் குடித்த பால் மத்தியானம் தயிர்போலத் திரிந்து வரும். வயிறு உப்பிக்கொண்டு கல்லாக இருக்கும், பசி என்று அழும், இரண்டு இழுப்பு இழுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம். பால் நீர்த்துப்போயிருக்கிறது, புட்டியில் மாவு கலந்து கெட்டியாகக் கொடுங்கள் என்றார்கள். சுதாவுக்கு மனசு ஒப்பவில்லை. குடித்த பாலே இறங்காத பிள்ளைக்கு அதைவிடக் கெட்டியாக ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அவள் கேட்டது எவ்வளவு சரி என்று பின்னால்தான் தெரிந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலம், களியக்காவிளை என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு அலைந்தோம். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாய் தடித்து அடைத்திருக்கிறதா என்று முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். இல்லை. குடல் முறுக்கி இருக்கிறதா என்று பேரியம் கொடுத்து எக்ஸ்ரே. அதுவும் இல்லை. கடைசியில் மில்க் ஸ்கேன். பாலில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைத் துளி அளவு கலந்து குடிக்க வைத்து, பால் எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்குகிறது என்று கேமராவில் படம் எடுக்கிறார்கள். நேரம் ஆக ஆகப் படம் எடுத்தும் பால் பெரும்பாலும் வயிற்றிலேயே நின்றது. அடைப்பு எதுவும் இல்லை, இரைப்பை அசைவதுதான் மந்தம் என்றார் டாக்டர். வைரஸ் வந்து போன பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் சில மாதங்களிலோ ஓரிரு வருஷத்திலோ தானே சரியாகிவிடும் என்று அவர் சொன்னபோதுதான் சுதா அழுதாள். அதுவரை அழவில்லை.

அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். வயிற்றின் மேல்பாதி வாங்கி வைத்துக்கொள்ளும். கீழ்பாதி நிமிஷத்துக்கு மூன்று தடவை பிசைந்து அரைக்கும். இரைப்பையின் கடைசி வாயில் உள்ள தசை, நம்ம பேச்சிப்பாறை சானலில் மடை திறக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். தண்ணீராக இருப்பது லேசாக இறங்கிவிடும். திடப்பொருள் என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கும் சின்னதாக அரைபட வேண்டும், அப்போதுதான் வழி கிடைக்கும். நார் அரைபட நேரம் எடுக்கும். கொழுப்பு குடலைத் தொட்டதும் குடலே இரைப்பைக்கு "மெதுவாக விடு" என்று சொல்லிவிடும். நல்ல வயிற்றுக்கு அது நல்லது. நம்ம பிள்ளையின் வயிறு ஏற்கெனவே மெதுவாகத்தான் விடுகிறது. இப்போது புரிகிறதா, உன் டின் ஏன் வேண்டாம் என்று? அதில் கெட்டியாகக் கலக்கச் சொல்கிறார்கள், பால் கொழுப்பும் சர்க்கரையும் இருக்கிறது. நல்ல பிள்ளைக்குச் சரி. இவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு அடுத்த வேளைவரைக்கும் வயிற்றில் கிடக்கும்.

ஆறு மாதம் ஆனதும் எங்களுக்கு உண்மையான பயம் தொடங்கியது. தாய்ப்பால்தான் இவள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது, புட்டிப்பாலைவிட அது சீக்கிரம் இறங்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் பால் மட்டும் போதாது, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்தும் தீர்ந்துகொண்டே வரும். தள்ளிப்போட முடியாது, கொடுக்கவும் பயம். தலை நிற்கிறதா, பிடித்தால் உட்காருகிறாளா, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் வாங்குகிறாளா என்று டாக்டர் பார்த்தார். மூன்றும் சரியாக இருந்ததும் தொடங்கச் சொன்னார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. என் அம்மா ஏத்தங்காய்ப் பொடி, அதாவது நேந்திரங்காய்ப் பொடி. நம்ம ஊரில் பிள்ளை வளர்ந்ததே அதில்தான், நானும் நீயும் அதைக் குடித்துத்தான் இப்படி இருக்கிறோம். ஆனால் பச்சை ஏத்தங்காய் மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் மேலே இரைப்பை இன்னும் மந்தமாகும், அதனால் இப்போது வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்தார்கள். அதில் பருப்பும் உண்டு, பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறோம்.

கடைசியில் வழி காட்டியது சுதாவின் ஆச்சி. இரணியலிலிருந்து ஒரு பையில் கேப்பையும் பழைய வேட்டித் துணியும் கொண்டு வந்து இறங்கினார்கள். ஆச்சிக்கு இரைப்பையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேப்பையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் நைசாக அரைத்தார்கள். வேட்டித் துணியை நாலாக மடித்து அதில் ஊற்றிப் பிழிந்தார்கள். பழுப்பு நிறத் தோலும் தவிடும் துணியில் நின்றுவிட்டது. கீழே வந்த பாலை அசையாமல் வைத்து, அடியில் மாவு இறங்கியதும் மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்து அடுப்பில் வைத்தார்கள். சிறுதீயில் கரண்டி எடுக்காமல் கிண்டினார்கள். நிறம் மாறி மினுங்கியதும் இறக்கி, கரண்டியைத் தூக்கிக் காட்டினார்கள். கரண்டியில் ஒட்டாமல் சொட்டிக்கொண்டே விழுந்தது. "ஆறினா இறுகும் மக்களே, அதான் தண்ணியா எடுத்தேன்" என்றார்கள். உப்பு இல்லை, கருப்பட்டி இல்லை, நெய் இல்லை.

டாக்டர் எங்களுக்கு எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நார் குறைவாக, கொழுப்பு குறைவாக, கட்டியில்லாமல், தண்ணீர்ப் பதத்தில் என்று அதில் இருந்தது. நாலும் அந்தத் துணிக்குள்ளே இருந்தது முருகா! கேப்பையை ஏன் வடிகட்ட வேண்டும், சத்து வீணாகிறதே என்று என் அம்மாவைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பிள்ளை வயிற்றுக்கு ஆகாதுடே என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. தோலோடு இரும்பும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு சிரப், வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

முதல் நாள் இரண்டு சின்னக் கரண்டி. அதற்குமேல் வாய் திறந்தாலும் கொடுக்கவில்லை, சுதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலையில்தான் கொடுக்கிறோம். அந்நேரம்தான் வயிறு காலியாக இருக்கும், பொழுது சாயச் சாயப் பழையது தங்கிவிடும். அதனால் சாயங்காலம் பால் மட்டும். குடித்த பிறகு அரைமணி நேரம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அந்த வேலை எனக்கு. தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் நடக்கிறேன். தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான், அதில் மாற்றம் இல்லை.

ஒரு பொருள் கொடுத்தால் நாலைந்து நாள் அதுவே. ஒத்துக்கொண்டால்தான் அடுத்தது. கேப்பைக்குப் பிறகு குழைந்த சோற்றை அரைத்துச் சல்லடையில் தேய்த்துக் கொடுத்தோம். அப்புறம் மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிப்பழம்தான். தோல் கறுத்து நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கிறாள். அந்த வாசனைக்குப் பிள்ளை கையை நீட்டுகிறாள், பார்க்கணும் நீ. சிறுபயறுப் பருப்புத் தண்ணீர் கொடுத்த அன்று ராத்திரி முழுக்க உப்பிக்கொண்டது, உடனே நிறுத்திவிட்டோம். ஆரஞ்சுச் சாறு வேண்டாம், கீரை வேண்டாம், சக்கைப்பழம் (பலா) நினைக்கவே வேண்டாம். மீன் கொடுக்கலாம் என்றார், கொழுப்பு குறைந்ததாக, சாளை வேண்டாம், பாறை மாதிரி மீனை அவித்துக் கூழாக்கி. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று இருக்கிறோம். மாமனார் இப்போதே கொளச்சலுக்குப் போய் மீன் சொல்லி வைத்துவிட்டார்.

மருந்தும் உண்டு. எரித்ரோமைசின் கேள்விப்பட்டிருப்பாய், ஆன்டிபயாட்டிக். அதையே மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் இரைப்பையை அசைய வைக்குமாம். இன்னொரு மருந்து டோம்பெரிடோன். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். உன் அண்ணி தன் பிள்ளைக்கு வாந்தி என்றால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னாள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல். இதைச் சும்மா சொல்லவில்லை.

டாக்டர் எனக்கு வேறு ஒரு பட்டியலும் கொடுத்தார், அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். வாந்தி பச்சையாக வந்தால், ரத்தம் கலந்து வந்தால், ஆறெட்டு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டால், துவண்டு கிடந்தால், ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வண்டியில் பெட்ரோல் எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறேன்.

எடைதான் என் கண்ணில் நிற்கிறது. ஏழு மாதத்தில் 6.2 கிலோ இருந்தாள். அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடுக்கோடு 7.6. கீழ்க்கோடு 6.0. கீழ்க்கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாள். எட்டு மாதம் முடிந்து அங்கன்வாடியில் போட்டபோது 6.6. அக்கா அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கோடு மேலே போகிறது. வாந்தி இன்னும் நிற்கவில்லை, தினமும் என்பது போய் இடைவெளி விட்டு வருகிறது. ஒரு நாள் நன்றாக இருந்தாள் என்று அளவைக் கூட்டினால் மறுநாளே காட்டிவிடுகிறாள். இவள் வயிறு சொல்வதைக் கேட்டுத்தான் போக வேண்டும், கிண்ணம் காலியாகிறதா என்று பார்த்தால் ஆகாது. சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. "இவ்வளவுதான் கொடுக்கிறியா" என்று ஒருவர் கேட்டால் போதும், சுதா அன்று சாப்பிட மாட்டாள். பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று அவள் காதுபடவே ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்து, துணி மாற்றி, மறுபடி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தே தூங்குகிறவளைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி நாக்கு எழும்புகிறது?

சோறூட்டு குருவாயூரில் என்று அம்மா நேர்ந்திருந்தது உனக்குத் தெரியும். குருவாயூர் எக்ஸ்பிரஸில் போய்வரலாம் என்று ஆறாம் மாதத்துக்குத் திட்டம் போட்டிருந்தோம். தள்ளிவைத்தாச்சு. பிள்ளை கொஞ்சம் தேறட்டும், ஒரு பருக்கையை மசித்து நாக்கில் தொட்டு வைத்தாலே போதும், பாயசம் மட்டும் வாய்க்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கிருஷ்ணன் காத்திருப்பார். நீ லீவு எடுக்கிற நேரமாகப் பார்த்து வைக்கலாம் என்று நினைக்கிறேன், தேதி தெரிந்ததும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

இனி அந்தக் காரியம். உன் அம்மா வரும்போதெல்லாம் ஒரு சின்னக் குப்பியில் வீட்டில் உருக்கிய நெய் கொண்டு வருகிறார்கள். "ஒரு சொட்டு விட்டா பிள்ளை தேறிரும்" என்று சுதாவிடம் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது சரியான யோசனைதான், நர்ஸே சொல்வார். இவளுக்கு இப்போது ஆகாது. நான் சொன்னால் "உன்னையே நான்தாண்டே நெய் ஊட்டி வளர்த்தேன்" என்கிறார்கள். உண்மை, அதற்குமேல் நான் என்ன பேச? சுதா வாங்கி உள்ளே வைத்துவிடுகிறாள். ஆனால் போன தடவை அவள் குளிக்கப் போயிருந்தபோது அம்மா குறுக்கில் விடப் போய்விட்டார்கள், ஆச்சி பார்த்ததால் தப்பியது. அம்மா மனசு நோகக்கூடாது, பிள்ளையும் பிழைக்க வேண்டும். நீ சொன்னால் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது வேறு பேச்சு பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடு. ஒரு வயது கழியட்டும், டாக்டர் சரி என்றதும் முதல் சொட்டு அவர்கள் கையால்தான் என்று சுதாவே சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் குமார்