விலாசம் என்ற கட்டம்

பொகவந்தலாவை, இலங்கை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. கோத்தகிரியில் பனி என்று எழுதியிருந்தாய். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, தோட்டத்து வரிசை வீடான நம் லயத்துத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ரேடியோகூடக் கேட்பதில்லை. பேத்திக்குக் கல்யாணம் என்றதும் என் வீட்டுக்காரி உன் வயதைக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள்.

அரசாங்கம் கொடுக்கிற காசில் நம் சனத்துக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் அப்படி ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

2023 ஜூலையில், ஏழைகளுக்கான பழைய உதவித் திட்டமான சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதுத் திட்டம் வந்தது. சிங்களத்தில் அதற்கு ஆறுதல் என்று அர்த்தம். குடும்பத்தின் நிலைமையை 22 விஷயங்களில் அளந்து, மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று நான்கு தரமாகப் பிரித்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் லயத்தில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பியவன் நான்தான். வீடு சொந்தமா என்று விசாரித்தபோது சிரிப்பு வந்தது. நாலு தலைமுறையாகக் குடியிருந்தும் காம்பரா என்கிற இந்த லயத்து அறை சொந்தமில்லை என்பது முதல்முறையாக நமக்குச் சாதகமானது!

பக்கத்துக் காம்பராவுக்கு 8,500 கிடைத்தது, 2025 முதல் 10,000. அந்தக் காசு வந்த பிறகுதான் கடைக் கொப்பியில் அவர்கள் கடன் குறைந்தது. கடைசிப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காததும் அதனால்தான். இதை நான் கண்ணால் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த காம்பராவில் கதை வேறு. தகப்பன் குடும்பமும் மகன் குடும்பமும் நடுவில் சீலை கட்டிப் பிரித்து இருக்கிறார்கள். அடுப்பு இரண்டு, விலாசம் ஒன்று. கணக்கெடுக்க வந்தவர் ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உழைக்கிறவர் அதிகம் என்று ஆகி, இருவருக்குமே இல்லை. இரண்டு தடவை மேன்முறையீடு செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்க வேண்டும். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ஆன பிறகு அந்த ஒரு நாளின் விலையும் கூடிப்போனது.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சனம் துடித்தது 2022 இல். அந்த ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. வேலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகிற ரொட்டி இரண்டிலிருந்து ஒன்றானது. அஸ்வெசும வந்தபோது அந்தக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஏறிய விலை மட்டும் இறங்கவே இல்லை. சமுர்த்தி இருந்ததே என்பாய். அது கிடைத்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? உண்மையைச் சொன்னால், அந்த வருஷம் உங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசி மூட்டைதான் நேரத்துக்கு வந்தது.

உனக்கு ரேஷனில் அரிசி கிடைக்கிறது. கடையில் என்ன விலை விற்றாலும் 20 கிலோ 20 கிலோதான். இங்கே கையில் வருவது தாள், விலை ஏற ஏற அது சுருங்கும். காசாகக் கொடுத்தால் மரியாதை, விரும்பியதை வாங்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் 74 இல் நீ இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்கு முன், கூப்பன் புத்தகத்தோடு நாம் இருவரும் சங்கக்கடை வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அரிசி கிடைக்காமல், காசு இருந்தவனும் அன்றைக்கு மரவள்ளிதான் தின்றான். அதைப் பார்த்தவனுக்குப் பாதியாவது அரிசியும் மாவுமாக வந்தால் தேவலை என்றுதான் தோன்றும்.

சரி, கல்யாணத் தேதியை எழுது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும். நாளைக் காலையில் அந்த மகன் மூன்றாவது தடவையாகப் படிவத்தோடு வருகிறான். விலாசம் என்ற கட்டத்தில் இந்த முறை என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
பழைய வகுப்புத் தோழன்