பூட்ஸ் வாங்கும்போது சோலின் வயதையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலச் சுற்றுலா பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜவ்வாது மலை, ஏலகிரி போகிறவர்கள் ‘தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கிக்கொள்ளவும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லாததால் இதை எழுதுகிறேன். ஆம்பூர் பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் அப்பர் (சோலுக்கு மேலே காலை மூடும் பாகம்) தைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியை. மழை நாளில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றிலும் ஓடையிலும்தான் அவள் நடக்கிறாள்.

மகளுக்கு வேலூரில் ஒரு கடையில் பூட்ஸ் வாங்கினோம். நல்ல தோல், பெட்டி பிரிக்காத புதுசு. முதல் மழை முடிவதற்குள் மலைப்பாதையிலேயே ஒரு சோல் பிளந்துகொண்டது. உள்ளே பார்த்தால் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. பராமரிப்பு சரியில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பராமரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குதிகாலுக்கு மெத்தென்று இருக்கும் நடு சோலைப் பல பூட்ஸுகளில் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதையும். காலில் போட்டாலும் சரி, பெட்டியில் கிடந்தாலும் சரி, சில வருடங்களில் அது நடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். நம் வேலூர் வெயிலில், தகரக் கூரை போட்ட கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு என்ன ஆகும்?

அதனால் முதலில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதம், வருடத்தைப் பாருங்கள். பழைய சரக்கைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மலைக்கு வேண்டாம். நடு சோல் வெளியே தெரிந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்பு விட்டாலோ பிசுபிசுத்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். இ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த நடு சோல் இப்படிப் பொடியாகாது. நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

அடுத்தது என் வேலை சம்பந்தப்பட்டது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். கலர் கலராகப் பத்துத் துண்டு ஒட்டித் தைத்த அப்பரைவிட, பெரிய துண்டுத் தோலில் தையல் குறைவாக உள்ளதே மழைக்கு நல்லது. கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேல்வரை மடிப்பு வைத்து அப்பரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு கட்டும் இடத்திலேயே தண்ணீர் இறங்கும். தோலில் ஃபுல் கிரெயின் கேளுங்கள், அதாவது மேற்பரப்பைத் தேய்த்து எடுக்காத முழுத்தோல். மேலடுக்கைப் பிரித்தபின் மிஞ்சும் ஸ்பிளிட் தோல்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசியதும் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடித்ததும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கோர்டெக்ஸ் மாதிரி உள்சவ்வு வைத்தது வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது வெளித்தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும், உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை அவ்வளவு வேகமாக வெளியேறாது. ஓடையில் பூட்ஸின் வாய்க்கு மேலே தண்ணீர் போனால் எந்த பூட்ஸுக்குள்ளும் இறங்கிவிடும். சவ்வு உள்ளது அப்புறம் காய நாளாகும். ஜவ்வாது மலைக்குச் சவ்வில்லாத, மெழுகு தேய்த்த கெட்டித்தோல் பூட்ஸே போதும் என்பது என் முடிவு. அளவு பார்க்க மாலையில் போங்கள், நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, சரிவில் இறங்குவது போல நின்றால் விரல் முன்னால் இடிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சேற்றைப் பிரஷ்ஷால் கழுவி, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். தாள் நனைந்தால் மாற்றுங்கள். அடுப்பு ஓரமும் மொட்டைமாடி வெயிலும் கூடவே கூடாது. தோல் சுருங்கி விறைக்கும், பசை விடும். நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகைத் தையல் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், தோல் தொளதொளத்துப் போகும். வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் நூபக், ஸ்வேட் வகைத் தோலுக்கு மெழுகு வேண்டாம், நிறம் கருத்துவிடும். அதற்கென்று ஸ்பிரே இருக்கிறது.

மகளின் பூட்ஸில் அப்பருக்கு ஒரு கீறல் இல்லை. சோல் மாற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் ஷூவுக்குப் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் நான் விசாரித்தவரை ஒருவரும் இதைச் செய்து தர ஒப்பவில்லை. சாதாரணமாகப் பசை போட்டு ஒட்டினால் மலையில் நிற்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சில் ஏற்றி, புது நடு சோலும் அடி சோலும் வைத்து அழுத்த வேண்டும். அதற்கான மெஷின் கம்பெனிகளில் இருக்கிறது. ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து ஆம்பூரில் சோல் மாற்றித்தர ஒரே ஒரு கடை திறந்தால் போதும். மலைக்கிராம ஆசிரியர்கள், நர்ஸுகள், வனக்காவலர்கள் எல்லோருக்கும் பயன்படும். வேலை தெரிந்தவர்கள் என்னைப் போல ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். இந்தக் கோரிக்கையை அவர்கள் பார்வைக்கு உங்கள் நாளிதழ் கொண்டுபோக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷூ கம்பெனித் தொழிலாளி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.